டின்னில் தேதியை மட்டும் பார்த்தால் போதுமா?

சம்பளம் போட்ட வார இறுதியில் பெஸ்தாரி ஜெயா பட்டணத்து மளிகைக் கடைகளில் கூட்டம் அலைமோதும். சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் வந்து இறங்குபவர்கள் அரிசி, மாவு, சீனி, சமையல் எண்ணெய் என்று வரிசையாக வாங்குவார்கள். மாதக் கடைசிக்கு என்று ஐந்தாறு சார்டின் டின்களும் கூடையில் ஏறும். டின்னைக் கையில் எடுத்ததும் தலைகீழாகப் புரட்டி, அடியில் அடித்திருக்கும் தேதியைத் தேடுவார்கள். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதா? சரி, கூடையில் போடு.

சோதனை அத்தோடு முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து ஆரம்பிக்கிறது. தேதி என்பது தொழிற்சாலை கொடுக்கும் ஓர் உறுதி. டின் எந்த ஓட்டையும் இல்லாமல், அளவான சூட்டில், ஈரம் படாமல் இருந்தால் இத்தனை காலம் உள்ளே இருக்கும் மீன் நன்றாக இருக்கும் என்பதே அதன் பொருள். லாரியில் இருந்து பெட்டி கீழே விழுந்ததும், கடைக்குப் பின்னால் மழைச் சாரலில் பெட்டி நனைந்ததும் அந்தத் தேதிக்குத் தெரியாது. டின்னின் உடம்புக்குத் தெரியும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது டின்னின் உடம்பை, தேதி அடுத்துத்தான்.

தோட்டத்து அடுப்படியில் டின் மீன்

கோலசிலாங்கூர் மீனுக்குப் பேர் போன மாவட்டம். ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமம், வடக்கே போனால் செகிஞ்சான். இருந்தும் உள்ளே தள்ளி இருக்கும் தோட்டங்களில் டின் மீன் இல்லாத அடுப்படியைப் பார்ப்பது அரிது. காரணம் தெரிந்ததுதான். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரர் எல்லா நாளும் வரமாட்டார். ஒரு காலத்தில் பல தோட்டங்களில் ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கு மட்டுமே மின்சாரம். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் இரண்டு நாளைக்கு மீனை வைத்திருக்க வழி ஏது? அப்போது கை கொடுத்தது டின். சிங்கப்பூரில் 1892ஆம் ஆண்டு அல்ஃபிரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வியாபாரம்தான் பிறகு சேவல் படம் போட்ட ஆயாம் பிராண்டாக மலாயா முழுவதும் பரவியது. வெங்காயமும் மிளகாயும் வதக்கி, டின்னைத் திறந்து கொட்டி, எலுமிச்சை பிழிந்து இறக்கினால் பத்து நிமிடத்தில் குழம்பு தயார்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது, மக்கள் வாங்கிக் குவித்த பொருள்களில் சார்டினும் ஒன்று. உதவி அமைப்புகள் கொடுத்த உணவுக் கூடைகளிலும் அரிசிக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று டின்கள் இருந்தன. அப்படிச் சேர்த்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இன்னும் விடவில்லை. சேர்த்து வைப்பது நல்லதுதான். எங்கே வைக்கிறோம், எப்படி வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

டின்னுக்குள் மீன் கெடாமல் இருப்பது எப்படி?

'நிறைய மருந்து போட்டிருப்பார்கள், அதனால்தான் கெடவில்லை' என்று சொல்பவர்கள் உண்டு. அது தவறு. டின் மீனைக் காப்பது சூடும் காற்றுப் புகாத மூடியும்தான். மீனைத் துண்டு போட்டு டின்னில் அடுக்கி, தக்காளிச் சாற்றை ஊற்றி, மூடியை அழுத்திப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் சமையலே. பெரிய இரும்புக் கலத்துக்குள் நீராவி அழுத்தத்தில் ஏறக்குறைய 121 டிகிரி செல்சியஸ் வரை டின்னைச் சூடாக்குவார்கள். வீட்டில் கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். அந்த 21 டிகிரி வித்தியாசம் ஏன் தேவைப்படுகிறது?

கிளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்று ஒரு கிருமி உண்டு. மண்ணிலும் கடல் சேற்றிலும் வாழ்வது. காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும். ஆகவே மூடிய டின் அதற்கு அரண்மனை மாதிரி. நெருக்கடி வந்தால் இந்தக் கிருமி கெட்டியான ஓட்டுக்குள் வித்தாகச் சுருண்டு கொள்ளும். மண்ணில் இருந்து வரும் வகைகளின் வித்து கொதிநீரில் மணிக்கணக்கில் கிடந்தாலும் சாகாது. 121 டிகிரியில் மூன்று நிமிடம் தாங்காது. அந்தச் சூடு டின்னின் நடுவில் இருக்கும் துண்டு வரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் தொழிற்சாலையில் அத்தனை நேரம் வேக வைக்கிறார்கள். முள் வாயில் வைத்தால் கரைகிற அளவுக்கு மிருதுவாக இருப்பதும் இதனால்தான்.

சூடு தணியும்போது உள்ளே இருக்கும் ஆவி சுருங்குகிறது. மூடியும் அடியும் லேசாக உள்நோக்கி இழுபடுகின்றன. நல்ல டின்னின் இரு முனைகளும் தட்டையாகவோ சற்றுக் குழிந்தோ இருப்பது இதனால்தான். மூடியின் ஓரத்தையும் டின்னின் விளிம்பையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து நசுக்கியிருப்பார்களே, அந்த மடிப்புதான் டின்னின் உயிர். அதில் தலைமுடி நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி விழுந்தாலும் போதும். கிருமிக்கு அது அகலமான வாசல்.

இப்படி நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1978 ஜூலை இறுதியில் வயதான நான்கு பேர் ஒன்றாக அமர்ந்து ஒரு டின் சால்மன் மீனைச் சாப்பிட்டார்கள். நால்வருக்கும் போட்டுலிசம் என்ற நஞ்சு நோய் கண்டது. இருவர் இறந்து போனார்கள். மீன் அலாஸ்காவில் அடைக்கப்பட்டது. டின்னைச் சோதித்தபோது அதில் ஒரு சிறு துளை இருந்தது தெரிய வந்தது. வெந்து முடித்த டின் ஆறும் நேரத்தில், அந்தத் துளை வழியே கிருமி உள்ளே இழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 1982இல் பெல்ஜியத்தில் ஒருவர் அதே நோயால் இறந்தார். அதுவும் அலாஸ்கா சால்மன்தான். அந்த டின்னில் இயந்திரம் ஏற்படுத்திய ஒரு கிழிசல். அதைத் தொடர்ந்து 5 கோடிக்கும் அதிகமான டின்கள் திரும்பப் பெறப்பட்டன. அதற்கும் முன்பு, 1963இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டின் சூரை மீன் சாப்பிட்ட இரண்டு பெண்கள் உயிரிழந்தார்கள். அங்கேயும் சந்தேகம் விழுந்தது விளிம்பு மடிப்பின் மீதுதான்.

தொழிற்சாலையில் தயாராகும் டின்களால் இப்படி உயிர் போவது மிக மிக அபூர்வம். உலகமெங்கும் விற்கும் டின்களின் எண்ணிக்கையை நினைத்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். பயந்து டின் மீனையே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன மூன்று இடத்திலும் தவறு நடந்தது டின்னில் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியது

"அண்ணே, இந்த டின் நசுங்கியிருக்கே?"

"உள்ள நல்லாத்தான் இருக்குக்கா. ஒரு வெள்ளி கொறச்சு எடுத்துக்குங்க."

இந்தப் பேச்சு எந்தப் பட்டணத்துக்கும் பொதுவானது. ஒரு வெள்ளி சிறிய காசு இல்லை. ஐந்து டின் வாங்கினால் ஐந்து வெள்ளி. எடுக்கலாமா, கூடாதா? நசுங்கல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. டின்னின் நடு உடம்பில், கூர் விளிம்பு இல்லாமல், மேலோட்டமாக ஒரு சிறு பள்ளம் இருந்தால் எடுக்கலாம். சீக்கிரம் சமைத்துவிட வேண்டும். விரலை வைத்தால் பதியும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, பள்ளம் கூராக மடிந்திருந்தாலோ வேண்டாம். மேல் அல்லது கீழ் விளிம்பு மடிப்பில் விழுந்த நசுங்கல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டாம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு தையல் கோடு ஓடும் டின்களில் அந்தக் கோட்டின் மேல் விழுந்த அடிக்கும் இதே கதைதான். கடைக்காரர் பாதி விலைக்குக் கொடுத்தாலும் அது மலிவில்லை.

அடுத்து, கட்டை விரலால் மூடியின் நடுவில் ஓர் அழுத்து. நல்ல டின் அசையாது. அழுத்தியதும் 'டக்' என்று உள்ளே போய், விட்டதும் மேலே வந்தால் அந்த டின்னை வைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தை அழுத்தும்போது மறு பக்கம் புடைத்தாலும் அப்படித்தான். கிருமி பெருகும்போது வாயு உண்டாகிறது; அந்த வாயுதான் மூடியைத் தள்ளுகிறது. ஆரம்பத்தில் லேசாகத் தெரியும் புடைப்பு நாளாக ஆக, விரலால் அழுத்த முடியாத அளவுக்குக் கெட்டியாகிவிடும். கடுமையாக அடிபட்டதாலும் ஒரு டின் புடைத்திருக்கலாம். எந்தக் காரணம் என்று வெளியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆகவே புடைத்த டின் எதுவானாலும் கெட்ட டின் என்றே கணக்கு.

துரு? ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் மேல் துருவால் பாதகமில்லை. துடைத்தும் போகாமல் தகரத்தை அரித்துப் பள்ளம் பள்ளமாக இறங்கிய துரு என்றால், கண்ணுக்குத் தெரியாத ஊசித் துளை அங்கே இருக்கலாம். டின்னைச் சுற்றிப் பிசுபிசுப்பு, காய்ந்த சாறு, காகித உறையில் எண்ணெய்க் கறை தென்பட்டால் பக்கத்து டின்களையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஒரு டின் ஒழுகிக் கீழே இருக்கும் டின்னைத் துருப்பிடிக்க வைப்பது கிடங்குகளில் சாதாரணமாக நடப்பது.

இவ்வளவையும் பார்த்த பிறகு தேதிக்கு வரலாம். மலாயில் 'தாரிக் லுப்புட்' என்று இருந்தால் காலாவதித் தேதி. 'பாயிக் டிகுனாகான் செபெலும்' என்று இருந்தால், அதற்கு முன் சாப்பிட்டால் சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று பொருள். தாத்தா பாட்டிக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு சொற்களையும் அவர்களுக்கு ஒரு முறை காட்டிக் கொடுத்தால் புண்ணியம்.

உணவுக் கூடை கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தானமாக வந்த டின் நசுங்கியிருந்தால் வாங்கியவர் வாய் திறந்து சொல்லமாட்டார், சொல்லக் கூசுவார். வீசவும் மனம் வராது. அப்படியே சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடுவார். ஆகவே சோதிக்கும் வேலை கொடுப்பவருடையது. தன் வீட்டுக்கு வாங்காத டின்னை இன்னொருவர் கூடையில் போடக் கூடாது.

வீட்டில் எங்கே வைப்பது?

பழைய தோட்டத்து வீடுகளில் அடுப்படி பின்பக்கம் இருக்கும். மேலே தகரக் கூரை. நண்பகல் வெயிலில் கூரைக்கு ஒரு முழம் கீழே இருக்கும் பலகையில் கை வைத்தால் சுடும். பலருக்கு அந்தப் பலகைதான் டின் வைக்கும் இடம், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாது என்பதால். உண்மையில் வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். டின் உணவை 30 டிகிரிக்குக் கீழே வைப்பது நல்லது. 38 டிகிரியைத் தாண்டினால் கெடுதல் வேகமாகும். தொழிற்சாலைச் சூட்டையும் தாங்கித் தப்பித்த சில வகைக் கிருமி வித்துகள் இருக்கும். சாதாரணச் சூட்டில் அவை உறங்கிக் கிடக்கும். டின் பல நாள் சூடேறிக் கிடந்தால் விழித்துக்கொள்ளும். அவை மனிதனைக் கொல்லாது. ஆனால் டின் புடைக்காமலேயே உள்ளே மீன் புளித்துப் போகும். தக்காளிச் சாறும் சூட்டில் டின்னின் உட்பூச்சை வேகமாக அரிக்கும்.

கேஸ் அடுப்புக்கு மேலேயும் பக்கத்திலும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் டின்களை ஒரு வாரம் விட்டுவிடுவதும் வேண்டாம். வீட்டின் உள்ளறையில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் ஒரு பலகை போதும். கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. சிமெண்டுத் தரையில் வைத்த டின்னின் அடி சில மாதங்களிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். வாங்கிய மாதத்தை மூடியில் பேனாவால் எழுதி, பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைத்தால் எதை முதலில் எடுப்பது என்ற குழப்பம் வராது. தக்காளிச் சாற்றில் போட்ட மீனை ஒன்று ஒன்றரை ஆண்டுக்குள் முடித்துவிடுவது நல்லது, தேதி அதற்கு மேல் இருந்தாலும்.

தோட்டங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் வீட்டில் களைக்கொல்லி, பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் ஆகியவற்றை அடுப்படிப் பலகையின் அடித்தட்டில் வைத்திருப்பார்கள். உணவு டின்னுக்கு அருகே அவை இருக்கவே கூடாது. மருந்து வழிந்த கையால் தொட்ட டின்னைத் திறக்கும்போது, கத்தி அந்த மருந்தை உள்ளே கொண்டு போகும். எலி ஓடும் வீட்டிலும் இதே கதை. எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் இந்த நாட்டில் புதிதல்ல. திறப்பதற்கு முன் மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க அரை நிமிடம் ஆகும்.

வெள்ளம் வந்து போன பிறகு

2021 டிசம்பர் நடுவில் கொட்டிய மழையில் சிலாங்கூரின் பல மாவட்டங்கள் மூழ்கியபோது கோலசிலாங்கூரும் தப்பவில்லை. தண்ணீர் வடிந்ததும் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்குச் சேற்றில் புதைந்து கிடந்த டின்களைப் பார்த்ததும் ஒரு கேள்வி. அரிசி போச்சு, மாவு போச்சு, இதையாவது காப்பாற்றலாமா?

வளையத்தை இழுத்துத் திறக்கும் மூடி கொண்ட டின்களை வீச வேண்டும். அந்த மூடியில் கீறிய கோடு மெல்லியது. அதன் இடுக்கில் தங்கும் வெள்ள நீரை முழுதாகக் கழுவவும் முடியாது. திருகு மூடி போட்ட பாட்டிலுக்கும் இதேதான். டின் திறப்பானால் வெட்டித் திறக்கும், நசுங்காத, துருப்பிடிக்காத டின்களைக் காப்பாற்றலாம். காகித உறையைக் கிழித்துவிட்டுச் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு 4 லிட்டர் நல்ல தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வாசனை சேர்க்காத குளோரின் வெளுப்பு நீரைக் கலந்து 15 நிமிடம் ஊற வைக்க வேண்டும். வெளுப்பு நீர் இல்லாவிட்டால் தண்ணீரில் மூழ்கப் போட்டு, கொதி வந்த பிறகு 2 நிமிடம் விட்டு எடுக்கலாம். உறை போய்விட்டதால் உள்ளே என்ன, தேதி என்ன என்பதை மை பேனாவால் டின் மேலேயே எழுதிவிட வேண்டும். இப்படி மீட்ட டின்களைத்தான் முதலில் சமைக்க வேண்டும்.

திறந்த பிறகு

டின்னில் முதல் ஓட்டை விழும்போது 'ஸ்ஸ்' என்ற மெல்லிய சத்தம் வரலாம். வெளிக்காற்று உள்ளே போகும் சத்தம் அது, நல்ல அறிகுறி. சாறு பீச்சி அடித்தாலோ, நுரை பொங்கினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். புளிப்பு, அழுகல், அம்மோனியா வாடை வந்தாலும், சாறு கலங்கி நூல் நூலாக இழுத்தாலும் வேண்டாம். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிட வேண்டும். போட்டுலினம் நஞ்சு அந்த ஒரு சொட்டிலேயே வேலையைக் காட்டக்கூடியது. அதற்கு வாடையோ சுவையோ இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

மறுபக்கம், நல்ல மீனைக் கெட்டது என்று வீசுபவர்களும் இருக்கிறார்கள். டின்னின் உட்சுவரில் கறுப்புக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். மீனில் இருக்கும் கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்குவது அது. கண்ணாடித் துண்டு போல் பளபளக்கும் படிகம் சில சமயம் கிடைக்கும். 'கண்ணாடி விழுந்திருக்கிறது' என்று அலறுவதற்கு முன் அதை எடுத்துக் கொஞ்சம் காடியில் போட்டு லேசாகச் சூடு காட்டிப் பார்க்கலாம். மீனின் சத்துகளிலிருந்தே உருவாகும் ஸ்ட்ருவைட் என்ற படிகம் என்றால் கரைந்துவிடும். அதனால் தீமை இல்லை. கரையாவிட்டால் கண்ணாடிதான், அப்போது அலறலாம்.

புழு விஷயம் வேறு. 2018 மார்ச்சில் இந்தோனேசியாவில் டின் கானாங்கெளுத்தி மீனில் 27 முத்திரைகளில் ஒட்டுண்ணிப் புழு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த மாதமே சீனாவிலிருந்து மலேசியாவுக்கு வந்த சார்டின் டின்களிலும் அனிசாகிஸ் வகைப் புழுக்கள் இருப்பது தெரிந்து, சுகாதார அமைச்சு இரண்டு முத்திரை டின்களைச் சந்தையிலிருந்து அகற்ற வைத்தது. கடலில் மீனின் குடலில் வாழும் புழு அது. டின்னை வேக வைக்கும் சூட்டில் செத்துவிடும் என்பதால் உயிரோடு உடலுக்குள் போகாது. ஆனாலும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கலாம். மேலும், புழுவைச் சாப்பிட யாரும் காசு கொடுப்பதில்லை. அந்த டின்களில் தேதி சரியாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சுட வைத்தால் சரியாகிவிடுமா?

தோட்டத்து அடுப்படியில் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. காலையில் திறந்த டின்னில் பாதியைச் சமைத்து, மீதியை டின்னோடு மேசையில் வைத்து ஒரு தட்டால் மூடுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, 'நல்லா கொதிக்க வெச்சிடலாம்' என்று அடுப்பில் ஏற்றுவார்கள். இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குப் போட்டுலிசத்தைவிட அன்றாட ஆபத்து இதில்தான் இருக்கிறது.

டின்னைத் திறந்த அந்த நொடியே அது சாதாரண மீன். கையில் இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி அதில் இறங்கி, 30 டிகிரிச் சூட்டில் மளமளவென்று பெருகி நஞ்சை உண்டாக்கும். சமைத்தால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. சார்டின், கானாங்கெளுத்தி, சூரை வகை மீன்களில் இன்னொன்றும் உண்டு, ஹிஸ்டமின். மீன் சூட்டில் கிடக்கும்போது கிருமிகள் அதன் சதையில் இருந்து இதை உண்டாக்குகின்றன. கொதிக்க வைத்தாலும், பொரித்தாலும், தொழிற்சாலையின் 121 டிகிரியில் வேக வைத்தாலும் இது அழியாது. அதனால்தான் டின் சார்டினில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்று அனைத்துலக உணவுத் தர விதி வரம்பு வைத்திருக்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து சுடும். வாய் எரியும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும். பலர் இதை 'மீன் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். மீனைக் கடித்ததும் மிளகு போலச் சுரீரென்று நாக்கில் குத்தினால் துப்பிவிடுவது நல்லது.

ஆகவே திறந்த டின்னை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மீதியை டின்னிலேயே விடாமல் கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, மூடி, ஐஸ்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தால் மூன்று நாள் வரை தாங்கும். டின்னோடு வைத்தால் வெட்டிய ஓரத்தில் சாறு தகரத்தை அரித்து இரும்பு வாடை ஏறும். மின்சாரம் போனால் ஐஸ்பெட்டியைத் திறக்காமல் இருக்கும்வரை நான்கு மணி நேரம் தாங்கும். ஐஸ்பெட்டி இல்லாத வீட்டில் 425 கிராம் பெரிய டின் வாங்குவதைவிட 155 கிராம் சிறிய டின் இரண்டு வாங்குவது மேல். விலை சற்றுக் கூடும். மீதி என்ற பேச்சே இருக்காது.

விடியற்காலை நாலரை மணிக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்காட்டுக்குப் போகிறவர்களின் பாடுதான் சிரமம். பசியாறும் நேரம் வரும்போது ஐந்து மணி நேரம் ஓடியிருக்கும். சார்டின் சம்பலைக் கொதிக்கக் கொதிக்க, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய சுடுகலத்தில் போட்டு இறுக மூடினால் ஓரளவு பாதுகாப்பு. 60 டிகிரிக்கு மேல் இருக்கும்வரை கிருமி பெருகாது. வெதுவெதுப்பாகப் பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிப் போவதுதான் மோசம். சுடுகலம் இல்லாதவர்கள் சார்டினை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு, காட்டுக்கு வறுத்த நெத்திலியோ காய்ந்த சம்பலோ எடுத்துப் போகலாம்.

உடம்பு காட்டும் அடையாளம்

வாந்தி, பேதி என்றால் எல்லாரும் கிளினிக்குக்கு ஓடுவார்கள். போட்டுலிசம் அப்படிக் காட்டிக் கொடுக்காது. சாப்பிட்டுப் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம் கழித்து, சில சமயம் ஒரு வாரம் கழித்தும்கூடத் தொடங்கும். இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்கு குழறும், வாய் வறண்டு எச்சில் விழுங்க முடியாது. தளர்ச்சி முகத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். காய்ச்சல் இருக்காது. சுயநினைவு தெளிவாக இருக்கும். குடித்துவிட்டுத் தள்ளாடுகிறார் என்று வீட்டில் நினைத்துவிடவும் வாய்ப்பு உண்டு. மூச்சுத் தசை தளர்ந்தால் உயிருக்கு ஆபத்து. தஞ்சோங் காராங் மருத்துவமனையோ, கிள்ளான் துங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையோ, எது அருகில் இருக்கிறதோ அங்கே உடனே போக வேண்டும். அல்லது 999க்கு அழைக்க வேண்டும். நஞ்சு முறிவு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஏற்றுகிறார்களோ அவ்வளவு பலன். என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறக்கக் கூடாது.

டின் புடைத்திருந்தாலோ, திறந்த பிறகு சந்தேகம் வந்தாலோ புகார் செய்யும் இடம் மாவட்டச் சுகாதார அலுவலகம். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 13ஆவது பிரிவின்படி, உடல்நலத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் உள்ள உணவைத் தயாரிப்பவருக்கோ விற்பவருக்கோ 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். கொடுத்த காசைக் கடைக்காரர் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே மனு கொடுக்கலாம். இரண்டுக்கும் ரசீது வேண்டும். டின்னும் வேண்டும். மூடியில் பொறித்த எழுத்தும் எண்ணும் எந்தத் தொழிற்சாலையில், எந்த நாளில், எந்தத் தொகுதியில் அடைத்தது என்பதைச் சொல்லும். காகித உறை கிழிந்து போனாலும் அது இருக்கும். டின்னைக் கழுவாமல், இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு இறுக்கக் கட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தொட்ட கையையும் மேசையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

புகார் செய்யப் போவதில்லை என்றாலும் புடைத்த டின்னைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம். அப்படியே இரண்டு பைகளில் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். வீட்டுக்குப் பின்னால் கொட்டினால் கோழி கொத்தும், நாய் நக்கும். போட்டுலினம் நஞ்சு கோழியையும் விடாது. கழுத்து துவண்டு தலை தரையில் சாயும். கோழி வளர்ப்பவர்கள் பார்த்திருக்கக்கூடும். 'வீணாகப் போகுதே, கோழிக்காவது போடுவோம்' என்று கொட்டிய வீட்டில் அந்தக் கோழியும் போய்விடும்.